ஆடியோ விளம்பரத்தில் பணம் போடலாமா? எஃப்எம், பாட்காஸ்ட், சமுதாய வானொலி: சிறு வியாபாரிக்கு எது சரி?

செக்குக்காரர் (காங்கேயம்)

வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்தில் வாகைமரச் செக்கு வைத்து கடலை, எள், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். ஒரு கடை இருக்கிறது, மீதி வியாபாரம் வாட்ஸ்அப் ஆர்டர். இதுவரை விளம்பரம் என்றால் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும்தான். வர வர ஒரு ஆர்டர் பிடிக்க ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. படம் போட்டால் எல்லார் எண்ணெய் பாட்டிலும் ஒரே மாதிரி தெரிகிறது, எங்கள் எண்ணெயில் என்ன வித்தியாசம் என்று படத்தில் காட்ட வழியில்லை.

இப்போது கோயம்புத்தூர் எஃப்எம் ஒன்றிலிருந்து பேக்கேஜ் சொல்கிறார்கள். தமிழில் சமையல் பாட்காஸ்ட் (போனில் வேண்டிய நேரத்தில் கேட்கும் ஆடியோ நிகழ்ச்சி) நடத்தும் ஒருவரும் ஸ்பான்சர் செய்கிறீர்களா என்று கேட்டார். மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் என்னால் போட முடியாது. ஆடியோவில் போட்டால் பலன் உண்டா? பலன் வந்தால் எப்படித் தெரியும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

கணக்குப்புலி

சார், நான் டிஜிட்டல் விளம்பரம் பார்க்கிறவன், நேரடியாகச் சொல்கிறேன்: வேண்டாம். ஃபேஸ்புக்கில் செலவு ஏறுகிறது என்பதாவது உங்களுக்குத் தெரிகிறது. ஆடியோவில் அதுவும் தெரியாது.

எஃப்எம்மை யார் கேட்கிறார்கள் என்று அளக்க 2007-ல் ராம் என்ற கணக்கெடுப்பு வந்தது. மும்பை, டெல்லி, பெங்களூரு, அப்புறம் கொல்கத்தா, அதோடு சரி. அதுவும் வீட்டில் ஒரு டைரியைக் கொடுத்து, எந்த நேரம் எந்த ஸ்டேஷன் கேட்டீர்கள் என்று கையால் எழுதச் சொல்லி வாங்கிய கணக்கு. சென்னைக்கே இல்லாத அளவுகோல், கோயம்புத்தூருக்கு எங்கே இருக்கும்?

பாட்காஸ்டில் டவுன்லோட் எண்ணிக்கையைக் காட்டுவார்கள். அந்தத் துறை வைத்திருக்கும் விதிப்படி, ஒரு நிமிட அளவு ஆடியோ போனில் இறங்கிவிட்டாலே அது ஒரு டவுன்லோட். அந்த ஆள் கேட்டாரா என்பது அந்த எண்ணில் இல்லை. 2023 செப்டம்பரில் ஆப்பிள், ஐபோனுக்கான ஐஓஎஸ் 17 மென்பொருளை வெளியிட்டபோது, கேட்காமல் கிடக்கும் நிகழ்ச்சிகள் தானாக இறங்குவதைக் குறைத்தார்கள். உடனே அமெரிக்காவில் பெரிய பெரிய நிகழ்ச்சிகளுக்கே டவுன்லோட் சரிந்தது. கேட்பவர்கள் ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. முன்பு இருந்த எண்ணில்தான் காற்று இருந்தது. இதை நம்பி 20,000 போடாதீர்கள்.

ஒலிவாங்கி

கணக்குப்புலி தந்த தகவல் எல்லாம் சரி. அதிலிருந்து அவர் வந்த முடிவோடு நான் ஒத்துப்போகவில்லை. விளம்பர ஏஜென்சியில் வெகுநாளாக வானொலி நேரம் வாங்கும் வேலை பார்க்கிறேன், இப்போது பாட்காஸ்டும் சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செக்குக்காரர் அண்ணா, உங்கள் எண்ணெயை வாங்குவதா வேண்டாமா என்பது எங்கே முடிவாகிறது? அடுப்பங்கரையில், பாட்டில் தீர்கிற நேரத்தில். அந்த நேரத்தில் கை மாவிலோ எண்ணெயிலோ இருக்கும், கண் வாணலியில் இருக்கும். போன் திரை அங்கே நுழைய முடியாது. காது மட்டும் சும்மா இருக்கிறது. வண்டி ஓட்டும்போது, தையல் மெஷினில், மளிகைக் கடையில், டவுன் பஸ்ஸில், நடைப்பயிற்சியில், எல்லா இடத்திலும் இதே கதைதான். இந்த நேரங்களை வேறு எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாது. ஆடியோவின் முதல் மதிப்பு இதுதான்.

இரண்டாவது, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆடியோவில் நீங்கள் வாங்குவது விநாடிகளை என்று நினைத்தால் பணம் போகும். கேட்பவரின் பழக்கத்தை வாங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்கிறவருக்கு அந்தக் குரலோடு ஓர் உறவு உண்டாகிறது. அந்த உறவுக்குள் உங்கள் பெயர் மெதுவாக உட்கார வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டு வாரம் நாள் முழுக்க அடித்துவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் ரேடியோவில் பலனே இல்லை என்று சொல்கிறார்கள்.

உங்களிடம் சொன்ன பேக்கேஜைப் பற்றி. எஃப்எம்மில் விலை 10 விநாடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். குறைந்த விலைப் பேக்கேஜ் பெரும்பாலும் ஆர்ஓடிபி என்ற வகையாக இருக்கும், அதாவது அந்த நேரக்கட்டத்துக்குள் எங்கே இடம் மிஞ்சுகிறதோ அங்கே போடுவார்கள். எண்ணிக்கை நிறையத் தெரியும், ஆனால் ஒரே ஆள் இரண்டாம் தடவை கேட்பாரா என்பது அதிர்ஷ்டம். ஸ்பாட் (விளம்பரம் ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பாட்) எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை, ஒரே நிகழ்ச்சியில் ஒரே நேரத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஆர்ஜே வாயால் சொல்லும் மென்ஷன் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஸ்டூடியோவில் எடுத்த ஜிங்கிள் மூன்றைவிட அது ஒன்று மேல்.

ஷார்ட்வேவ் ரசிகர் (திருச்சி)

ஒலிவாங்கி சொல்லும் பழக்கம் என்பதற்கு நானே சாட்சி. ஆடியோ இப்போதுதான் எழுந்து வருகிறது என்று இளைய தலைமுறை நினைக்கிறது. இந்தப் பக்கத்து மக்களுக்கு விளம்பரத்தைக் காதால் கேட்கப் பழக்கியது இலங்கை வானொலி.

அவர்களுடைய வர்த்தக சேவை 1950-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியப் படைத் தலைமைக்காக வைத்த பெரிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர் அவர்களிடம் இருந்தது, அதனால் கொழும்பில் பேசினால் இந்தியா முழுக்கக் கேட்டது. இங்கே 1952-ல் மத்திய அமைச்சர் கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். கேட்பவர்கள் கொழும்புக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அங்கே பினாக்கா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது, அமீன் சயானி குரலில். பினாக்கா என்பது பற்பசை. அந்தப் பெயரை நிகழ்ச்சியிலிருந்து யாராலும் பிரிக்க முடியவில்லை. பற்பசைக்குப் பெயர் மாறியபோது நிகழ்ச்சியும் சிபாகா கீத்மாலா என்று மாறியது!

தமிழில் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது. இவர்கள் குரலுக்காக ரேடியோவின் காதைத் திருகித் திருகி அலைவரிசை பிடித்தவர்கள் நாங்கள். அந்தக் குரல் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னால் படம் பார்க்கத் தோன்றும். இந்தியாவில் விவித் பாரதி 1957-ல் வந்தும், விளம்பரத்தை ஏற்றுக்கொள்ள 1967 ஆகிவிட்டது. அதற்கப்புறம் நம் பக்கம் வந்த ஹார்லிக்ஸ் சுசித்ராவின் குடும்பம் வானொலி நாடகம் யாருக்காவது நினைவிருக்கிறதா? நாங்கள் அந்தக் குடும்பத்தில் என்ன நடந்தது என்று கேட்கத்தான் உட்காருவோம். ஹார்லிக்ஸ் பெயர் தானாகப் பதிந்துவிட்டது.

மதுரைமீனா

சுசித்ராவின் குடும்பம்! எங்கள் அம்மா இன்றும் சொல்வார்.

கணக்குப்புலி

> அந்தக் குரல் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னால் படம் பார்க்கத் தோன்றும்

ஐயா, மதிப்போடுதான் சொல்கிறேன். அன்றைக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரு குரலை ஊரே கேட்டது. இன்று ஒருவர் ஸ்பாட்டிஃபை, ஒருவர் யூடியூப், ஒருவர் கூகூ எஃப்எம் கதை, ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோ. சிதறிப் போன கூட்டத்தை வைத்துப் பழைய கணக்குப் போட முடியாது. இதில் ஸ்பாட்டிஃபை பிரீமியம் கட்டியவர்களுக்குப் பாட்டுக்கு இடையே விளம்பரமே வராது. எண்ணெய்க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கக்கூடியவர்கள் அவர்கள்தானே?

தாளிப்பு (சமையல் பாட்காஸ்ட்)

நான் சமையல் பாட்காஸ்ட் ஒன்று நடத்துகிறேன். (செக்குக்காரரிடம் பேசியது நான் இல்லை, முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.)

பிரீமியம் பற்றி கணக்குப்புலி சொன்னதில் பாதிதான் சரி. செயலி தானாக நுழைக்கும் விளம்பரம் வேறு, நிகழ்ச்சி நடத்துகிறவர் தன் வாயால் பேசிப் பதிவிலேயே சேர்த்துவிடுவது வேறு. இரண்டாவது வகை பிரீமியம்காரர் காதுக்கும் போகும். பாட்காஸ்டில் விளம்பரம் செய்தவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்ததில் இந்த வகைக்குப் பெரிய பங்கு. 2014-ல் அமெரிக்காவில் சீரியல் என்ற பாட்காஸ்ட் வந்தபோது, தொடக்கத்தில் வரும் மெயில்சிம்ப் விளம்பரத்தில் ஒரு சிறுமி பெயரைத் தப்பாகப் படிப்பாள். அந்தத் தப்பையே கேட்டவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மின்னஞ்சல் அனுப்ப உதவும் ஒரு கம்பெனியின் பெயர் அப்படிப் பரவியது.

கூட்டம் சிதறியது உண்மை, ஆனால் சிறு வியாபாரிக்கு அது நல்லதுதான் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்பவர்கள் சில ஆயிரம் பேர். எல்லாரும் சமையலில் அக்கறை உள்ளவர்கள், பெரும்பாலோர் வீட்டுக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள். ஊரே கேட்கும் ஒலிபரப்பில் இந்தச் சில ஆயிரம் பேரை எட்ட, தேவையில்லாத லட்சம் பேருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன் அண்ணா. பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறேன் என்பதை நாங்கள் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கி 2021-ல் கொண்டுவந்த வழிகாட்டுதலில் ஆடியோவுக்கென்று தனியாகவே இருக்கிறது: தொடக்கத்திலும் முடிவிலும், நடுவில் இடைவேளை விட்டால் அதற்கு முன்னும் பின்னும் அறிவிக்க வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், நீங்களே வாங்கிப் பயன்படுத்துவது போலப் பேசுங்கள்" என்று ஒரு பிராண்டுக்காரர் என்னிடம் கேட்டார், முடியாது என்றேன். மறைத்துப் பேச ஒப்புக்கொள்ளும் ஆளிடம் நீங்களும் போகாதீர்கள். கேட்பவர்கள் கண்டுபிடித்தால் அவர் பெயரோடு உங்கள் எண்ணெயும் கெடும்.

செக்குக்காரர் (காங்கேயம்)

நிறைய விஷயம் தெரிந்துகொண்டேன், எல்லாருக்கும் நன்றிங்க. ஆனால் கணக்குப்புலி கேட்ட கேள்வி எனக்கும் இருக்கிறது. பணம் போட்ட பிறகு ஆர்டர் அதிலிருந்துதான் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிராமச்சந்தை

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இந்துஸ்தான் யூனிலீவர் பீகார், ஜார்க்கண்டில் நடத்திய கான் கஜூரா டேஷன். கரண்ட் சரியாக வராத ஊர்கள், டிவி விளம்பரம் போய்ச் சேராது. ஆனால் கையில் சாதா போன் இருந்தது. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைப்பு வரும், எடுத்தால் 15 நிமிடம் சினிமாப் பாட்டு, நகைச்சுவை, நடுநடுவே சோப்பு, பற்பசை விளம்பரம். கேட்பவருக்குக் காசு செலவில்லை. பிரான்ஸில் கான் நகரில் நடக்கும் விளம்பர விழாவில் 2014-ல் தங்க விருதுகள் வாங்கியது.

எனக்கு அதில் பிடித்தது வேறு. கேட்க விரும்பியவரே கூப்பிட்டார்! எந்த எண்ணிலிருந்து அழைப்பு, எத்தனை நிமிடம் கேட்டார், எந்த இடத்தில் வைத்தார், எல்லாம் கம்பெனிக்குத் தெரிந்தது. ஆடியோவை அளக்கவே முடியாது என்பது சரியில்லை. கேட்பவர் பதிலுக்கு ஒன்று செய்வதற்கு எளிதான வழி வைக்காவிட்டால்தான் அளக்க முடியாது.

ஜியோ 2016-ல் வந்து பேசுவதே இலவசமான பிறகு மிஸ்டு காலுக்கு அந்த மவுசு இல்லை. இப்போது அந்த இடத்தில் வாட்ஸ்அப் இருக்கிறது.

ஒலிவாங்கி

கிராமச்சந்தை சொன்னதைப் பிடித்துக்கொண்டு நடைமுறைக்கு வருகிறேன்.

எஃப்எம்முக்கு ஒரு வாட்ஸ்அப் எண், பாட்காஸ்டுக்கு வேறு எண், பழைய எண் ஃபேஸ்புக்கோடு இருக்கட்டும். இரண்டு சிம் கூடுதலாக வாங்குவதுதான் செலவு. எண் காதில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும்; வண்டி ஓட்டுகிறவர் எழுதிக்கொள்ள முடியாது. அதைவிட எளிது ஒரு சொல்: "எண்ணெய் கேட்கும்போது 'தாளிப்பு' என்று சொல்லுங்கள், அரை லிட்டருக்கு இவ்வளவு குறையும்". கடைக்கு நேரில் வருகிறவரும் அதைச் சொல்லுவார். கடையில் நிற்கும் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பின்கோடு. எஃப்எம் அலை எட்டும் ஊர்களின் ஆர்டரையும் எட்டாத ஊர்களின் ஆர்டரையும் தனித்தனியாக எழுதி வாருங்கள். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் ஏறி மதுரை, சேலம் பக்கம் அப்படியே இருந்தால், சொல்லையோ எண்ணையோ யாரும் குறிப்பிடாவிட்டாலும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

கணக்குப்புலி

பின்கோடு யோசனை நல்லது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு நிபந்தனை: அந்த மாதங்களில் ஃபேஸ்புக் செலவை இரண்டு பக்கமும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தீபாவளி மாதத்தை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அந்த மாதம் பலகாரத்துக்கு எண்ணெய் எப்படியும் விற்கும், எது எதனால் என்று பிரிக்க முடியாது.

மதுரைமீனா

ஒரு கேட்பவராக ஒரு வார்த்தை. எந்த விளம்பரமும் "கலப்படமற்ற, சுத்தமான, பாரம்பரியம் மிக்க" என்று தொடங்கினால் என் காது தானாக மூடிக்கொள்ளும். எல்லாரும் அதையே சொல்கிறார்கள். செக்குக்காரர் இங்கே எழுதியிருப்பது போலவே அவர் குரலில் பேசினால் நான் கேட்பேன்.

செக்குக்காரர் (காங்கேயம்)

என்னத்தைப் பேசுவதுங்க? எனக்குச் செக்கு மட்டும்தான் தெரியும்.

தாளிப்பு (சமையல் பாட்காஸ்ட்)

அதையே பேசுங்கள் அண்ணா! நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுகிறீர்களே, எந்தப் பதத்தில் போடுவது, போடாவிட்டால் என்ன ஆகும்? காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் களத்தில் கொப்பரை காயும்போது மழை வந்தால் என்ன செய்வீர்கள்? புதிதாக ஆட்டிய எண்ணெயில் அடியில் கசண்டு தங்குவதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று நினைக்கிறவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொன்றும் மூன்று நிமிடப் பேச்சு. செக்கு சுற்றும் சத்தத்தைப் பக்கத்தில் நின்று போனிலேயே பதிவு செய்து பின்னணியில் விடுங்கள். அந்த முனகல் சத்தம் ஸ்டூடியோவில் கிடைக்காது. கொங்குப் பேச்சை மாற்ற வேண்டாம், கோயம்புத்தூர், ஈரோட்டுக்காரர்களுக்கு அது தம் வீட்டுப் பேச்சு.

இரண்டு எச்சரிக்கை. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். எஃப்எம் நிலையம் பாட்டை ஒலிபரப்ப வாங்கும் உரிமம், உங்கள் விளம்பரத்துக்குள் அந்தப் பாட்டைச் சேர்க்க அனுமதி ஆகாது. இரண்டாவது, சர்க்கரை நோய் போகும், மாரடைப்பு வராது என்றெல்லாம் வாய் தவறியும் பேசாதீர்கள். உணவு விளம்பரங்களில் என்ன சொல்லலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-லேயே விதிமுறை போட்டிருக்கிறது, நோயைக் குணமாக்கும் என்று சொல்ல அதில் இடமில்லை. வாய்ப்பேச்சுதானே என்று விட மாட்டார்கள், எழுதினாலும் பேசினாலும் விளம்பரம் விளம்பரம்தான்.

ஷார்ட்வேவ் ரசிகர் (திருச்சி)

சமுதாய வானொலியை யாரும் சொல்லவில்லையே. நம் நாட்டில் முதல் வளாகச் சமுதாய வானொலியே 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்எம்தான். இன்று தமிழ்நாட்டில் பல கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்துகின்றன. அலை ரொம்ப தூரம் போகாது, ஆனால் உங்கள் வாடிக்கையாளரும் அந்த வட்டத்துக்குள்தானே! 2024 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகக் கூட்டினார்கள். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய் என்று வைத்தார்கள். தனியார் விளம்பரத்துக்கு அந்தந்த நிலையத்தில் பேச வேண்டும், எப்படியும் பெரிய எஃப்எம் பக்கத்தில்கூட வராது. உங்கள் பக்கத்தில் எந்த நிலையம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

ஸ்கார்பரோ தம்பி

டொராண்டோவிலிருந்து. இங்கே தமிழ் வானொலிகள் நடப்பதே உள்ளூர்த் தமிழ் வியாபாரிகளின் விளம்பரத்தில்தான்: வீடு விற்பவர், கேட்டரிங், குடிவரவு சட்டத்தரணி. காலையில் வேலைக்குக் காரில் போகிற அந்த நேரம்தான் இங்கே எல்லாருக்கும் வேணும். வருசக்கணக்கா ஒரே வீட்டு முகவர் விளம்பரம் கேட்டுக் கேட்டு, வீடு வாங்க நினைத்தபோது எங்கட குடும்பம் முதலில் அவருக்குத்தான் அழைத்தது. ஒலிவாங்கி அண்ணா பழக்கம் என்று சொல்வது இங்கே கண்ணால் பார்க்கிற விசயம்.

ஒலிவாங்கி

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எப்படிப் பிரிப்பேன் என்று சொல்கிறேன், இது என் அபிப்பிராயம்தான். பெரிய எஃப்எம்மை இப்போதைக்கு விடுங்கள். 20,000-க்கு அங்கே நல்ல நேரத்தில் தொடர்ந்து நிற்க முடியாது, விட்டுவிட்டுப் போட்டால் போட்டதும் வீண். பாதிப் பணத்தை ஒரே ஒரு சமையல் பாட்காஸ்டில் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரே ஒப்பந்தமாகப் பேசினால் விலையும் குறையும். மீதியில் சமுதாய வானொலியில் வாரம் ஒருநாள் நீங்களே பேசும் ஐந்து நிமிடம் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தப் பேச்சையே வெட்டி வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பலாம், படத்தோடு யூடியூபிலும் போடலாம். ஒரு பதிவு மூன்று இடத்தில் உழைக்கும்.

ஒப்பந்தம் போடும் முன் அந்தப் பாட்காஸ்டின் பழைய நிகழ்ச்சிகளை நீங்களும் வீட்டில் அக்காவும் கேளுங்கள். இதற்கு முன் எந்த எண்ணெய்க்குப் பேசியிருக்கிறார், போன மாதம் ரீஃபைண்ட் எண்ணெயைப் புகழ்ந்தாரா என்று பாருங்கள். டவுன்லோடை விட, ஒரு நிகழ்ச்சியைச் சராசரியாக எவ்வளவு நேரம் கேட்கிறார்கள் என்ற பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிளிலும் நடத்துகிறவருக்கு அது தெரியும். காட்டத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

செக்குக்காரர் (காங்கேயம்)

ரொம்பத் தெளிவாகிவிட்டதுங்க. ஐப்பசி கழித்துத் தொடங்குகிறேன், கணக்குப்புலி சொன்ன மாதிரி தீபாவளியைத் தொடாமல். பாட்காஸ்ட்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று: பில், ஜிஎஸ்டி எல்லாம் எப்படி?

கணக்குப்புலி

பேப்பரில் இடம் வாங்கினால் 5 சதவீதம், ஆடியோ விளம்பரத்துக்கு 18 சதவீதம். அதனால் சொல்லும் விலை வரியோடு சேர்த்தா, தனியாகவா என்று முதலிலேயே கேளுங்கள். நீங்கள் வழக்கமான முறையில் பதிவு செய்திருந்தால் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம் (நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழிக்கலாம்), காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் எடுக்க முடியாது. பாட்காஸ்ட்காரர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் அவர் பில்லில் வரியே வரக்கூடாது.

வானொலியில் பணம் கட்டும் முன் ஒலிபரப்புச் சான்று தருவீர்களா என்று கேளுங்கள், எந்தத் தேதி எத்தனை மணிக்குப் போனது என்று விநாடியோடு இருக்கும். அதை மாதக் கடைசியில் வாங்கி உங்கள் ஆர்டர் நோட்டோடு வைத்துப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டை இங்கே படம் எடுத்துப் போட்டால் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.